கல்யாணத்தன்று நான் ஜெயித்த கார் ரேஸ்

என் கல்யாணத்தன்று சாயங்காலம், கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரரை நான் கார் ரேஸில் தோற்கடித்தேன். நிஜக் கார் இல்லை, டிவியில் ஓடுகிற வீடியோ கேம். இதைச் சொன்னால் யாரும் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நானும்தான் சிரித்தேன், அதுவும் தாலி ஏறி ஒரு நாள்கூட ஆகாத பெண் சிரிக்கக் கூடாத அளவுக்குச் சத்தமாக.

எனக்குச் செந்துறைப் பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு உட்கார்ந்தேன். முன்பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங். பின்பக்கம் பலகை வைத்து மறைத்த சின்ன அறையில் ரெண்டு டிவி, ரெண்டு கேம் பெட்டி. ஸ்கூல் விட்டதும் பையன்கள் வந்து அடைந்துகொள்வார்கள். மத்தியானத்தில் ஈ ஓட்டுவதுதான் வேலை. முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். அந்த நேரத்தில் நான் பின்னறைக்குப் போய் டிவியைப் போடுவேன்.

ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். மழை பெய்து ஓய்ந்த ரோடு. ரெண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடம், கலர் கலராக விளக்கு. அந்த ரோட்டில் போட்டி போட்டுக்கொண்டு கார் ஓட்ட வேண்டும், அதுதான் கேம். ஜாய்ஸ்டிக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒரு பட்டனை அமுக்கியே வைத்திருந்தால் வண்டி ஓடும். இடது கட்டைவிரல் வளைக்கும். எனக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது, பொட்டப் பிள்ளைக்கு வண்டி எதுக்கு என்றுவிட்டார் அப்பா. ஆனால் அந்த ஊரில் எந்தத் திருப்பத்தில் எப்போது ஒடிக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த ரோட்டில் நடந்துபோகிற ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் காலையும் மாலையும் முறைத்துப் பார்க்கிற மூஞ்சிகளைத் தாண்டி வந்து உட்காருகிறவளுக்கு, ஆளே இல்லாத ரோடு எவ்வளவு பெரிய சுகம் என்று ஆம்பளைகளிடம் சொன்னால் புரியாது.

அப்புறம் அரியலூரிலேயே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. ஜெராக்ஸ் கடையை விட்டேன், கேமும் அதோடு போயிற்று. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். எங்கள் வீட்டில் நான் நின்றுகொண்டிருந்தால் உட்காரச் சொல்லவும் ஆள் கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். அந்த வேலையைச் சம்பளத்துக்காகத்தான் விடமாட்டேன் என்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன், மற்றதைச் சொன்னால் திமிர் என்பார்கள்.

பெரம்பலூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாக ரெண்டு லாரி, ஆலத்தியூரிலிருந்து சிமெண்ட் லோடு அடிக்கிற லாரிகள். ஒன்றுக்கு டிரைவர் போட்டிருந்தார்கள், இன்னொன்றை மாப்பிள்ளையே ஓட்டினார். பெண் பார்க்க வந்த அன்று நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். வேலைக்குப் போவேன். மாப்பிள்ளையின் அக்கா, போகட்டும், வூட்டுல சும்மா உக்காந்து என்ன பண்ணப்போறா என்றார். மாப்பிள்ளை தலையாட்டினார். மாமியாராக வரப்போகிறவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பஸ்ஸுக்கா பஞ்சம், இனி ஒரு கவலையும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில் விளையாட்டு வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் உள்ளதுதான். வாய் குறுகின குடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதில் மோதிரத்தைப் போடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கையை விட்டுத் துழாவ வேண்டும். யார் எடுக்கிறார்களோ அவர்கள் கைதான் குடும்பத்தில் ஓங்கும் என்று கேலி பேசுவார்கள். வெறும் கேலிதான். ஆனாலும் கூடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் எங்கம்மா என் கையைக் கிள்ளி, மோதிரம் கைக்கு வந்தாலும் விட்டுடு என்று காதில் ஓதினாள். என் விரலில்தான் முதலில் தட்டியது. விட்டேன். மறுபடி போட்டார்கள், மறுபடியும் விட்டேன். அவர் மோதிரத்தைத் தூக்கிக் காட்டியதும் அவர் பக்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். மாமியார் அன்றைக்கு முழுக்க அப்போதுதான் சிரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். நாத்தனாரின் வீட்டுக்காரருக்குத் துபாயில் வேலை. கல்யாணத்துக்கு வந்தவர் மச்சானுக்குப் பரிசாக ஒரு கேம் பெட்டி கொண்டுவந்திருந்தார். குடமெல்லாம் பழைய காலம், இப்ப இதுல ஒரு கை பாக்கட்டும் என்று அவர்தான் கிளப்பிவிட்டார். இளவட்டங்கள் ஓவென்று கத்தின. டிவியைப் போட்டார்கள். பார்த்தால் அதே ஊர், அதே மழை ரோடு. பின்னறையின் பலகை வாசனைகூட எனக்கு வந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கிள்ளவில்லை. கார் ஓட்டுகிற விளையாட்டில் பெண் எப்படியும் தோற்கத்தானே போகிறாள், அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று இருந்திருப்பாள். நாத்தனார் ஒரு நிபந்தனை போட்டார். தோற்றவர் ஜெயித்தவர் கேட்கிறதைக் கொடுக்க வேண்டும், எல்லாரும் சாட்சி. சரி சரி என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு வாரமாகச் சிநேகிதர்களோடு அதை ஆடிப் பழகியிருந்தார் போலிருக்கிறது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், தோற்கலாம் என்றுகூட நினைத்திருந்தேன், சத்தியமாக. அவர் என் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிக்கொடுத்தார்.

"இது ஓடுறது. இது பிரேக்கு. பயம் வந்தா பிரேக்க அமுக்கிட்டுக் கண்ண மூடிக்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. சரிங்க என்று மட்டும் சொன்னேன்.

டிவியை மேலும் கீழுமாக ரெண்டாகப் பிரித்து மேலே என் கார், கீழே அவர் கார். கிளம்பின மூன்றாவது திருப்பத்திலேயே அவர் கார் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. லாரிக்காரர் இல்லையா, திருப்பத்தில் லாரியை வளைக்கிற மாதிரி அகலமாக வளைத்தார். அந்த விளையாட்டில் அப்படி வளைத்தால் வண்டி ரோட்டில் நிற்காது. நான் போய்க்கொண்டே இருந்தேன். வளையல் ஒரு பக்கம் இடித்தது, மாலை ஒரு பக்கம் குத்தியது. கடைசிக் கோட்டைத் தாண்டி, வேலை முடிந்து, ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவர் இன்னும் ஒரு பாலத்துக்கு அடியில் வந்துகொண்டிருக்கிறார். கூடமே அதிர்ந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருடைய பெரியப்பா ஒருத்தர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "டேய், நாளையிலேருந்து லாரிச் சாவிய மருமவகிட்டக் குடுத்துட்டு நீ கிளீனராப் போயிருடா" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், பல்லு மட்டும்.

என்ன வேணும் கேளு என்றார் நாத்தனார். ஒரு பட்டுப்புடவை கேட்டிருக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் என்று கேட்டிருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்று தலையைக் குனிந்திருந்தால் குலவிளக்கு என்று கொண்டாடியிருப்பார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, லீவு முடிஞ்சதும் நான் ஸ்கூலுக்குப் போகணும், யாரும் தடுக்கக் கூடாது என்றேன். கூட்டத்தில் சாட்சியோடு வாங்கிவிட்டால் பின்னால் பேச்சு மாறாது என்று கணக்குப் போட்டேன். பெரிய புத்திசாலி நான். அவர் சரி என்றார். மாமியார் எழுந்து உள்ளே போனார்.

என் முட்டாள்தனம் எது என்று பிற்பாடு யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். ஜெயித்தது தப்பில்லை. அந்த வேலை ஏற்கெனவே என்னுடையது, பெண் பார்க்க வந்த அன்றே பேசி முடித்தது. அதைப் போய்ப் பந்தயத்தில் வைத்துக் கேட்டேன் பாருங்கள், அந்த நிமிஷத்திலிருந்து அது பந்தயப் பொருள் ஆகிவிட்டது. விளையாடி வாங்கினதை விளையாடியே பிடுங்கலாம் இல்லையா. இது எனக்குத் தோன்றுவதற்கு முன்னால் அவருக்குத் தோன்றிவிட்டது.

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. அதற்குள் பெரியப்பாவின் கேலி ஆலத்தியூர் வரைக்கும் போய்விட்டது. லோடுக்கு வரிசையில் லாரிகள் நிற்கும்போது டிரைவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. என்னாப்பா, இன்னிக்கு நீ ஓட்டிட்டு வந்தியா, வூட்டுக்காரம்மா ஓட்டிட்டு வந்தாங்களா என்று ஒருத்தன் கேட்பானாம். கிளீனர் சீட்டு காலியா இருக்கே, ஏறிக்க என்பானாம் இன்னொருத்தன். எங்கள் வீட்டு டிரைவரே இதை என் மாமியாரிடம் சொல்லிவிட்டுத் திண்டாடிக்கொண்டு நின்றார். அவன்கள் நாக்கு அழுகிப்போகட்டும் என்று மனசுக்குள் சபித்தேன். அவன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சாயங்காலம் நான் பஸ் இறங்கி வீட்டுக்கு வருகிறேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. மழை ரோடு. வா, அன்னிக்கு ஏதோ கூட்டத்துல கவனம் சிதறிப்போச்சு, இன்னிக்கு ஒழுங்கா ஒரு ஆட்டம் போடுவோம் என்றார். நான் ஜெயித்தால் என்ன, அவர் ஜெயித்தால் என்ன என்று கேட்டேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஜெயிச்சா நீ வேலைய வுட்டுடணும். கேட்டு வாங்குனது தானே. வச்சு ஆடு."

முடியாது என்றேன். ஆட வராதவன் தோத்தவன்தான், கபடியிலேருந்து எல்லா ஆட்டத்துக்கும் அதுதான் சட்டம் என்றார். சண்டை போட்டேன். பெண் பார்க்க வந்த அன்று பேசியதை எடுத்துச் சொன்னேன். மாமியார் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். கடைசியில் பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து ஆடி, ஜெயித்து, எழுந்து போய் முகம் கழுவினேன். அதோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

மறுநாளும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாளும். அதன் பிறகு தினமும் அதுதான். நான் வருகிற பஸ்ஸின் நேரம் அவருக்குத் தெரியும், நான் வாசலில் கால் வைக்கும்போது ஜாய்ஸ்டிக்குகள் ரெண்டும் தயாராகப் பாயில் கிடக்கும். நான் ஜெயித்துவிட்டால் அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார். தட்டை வைத்தால் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். பிள்ளை சாப்பிடவில்லை என்று மாமியார் சாப்பிடமாட்டார். ரெண்டு பேரும் பட்டினி கிடக்கிற வீட்டில் நான் மட்டும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார முடியுமா. ஆக ஒவ்வொரு நாளும் ஜெயித்துவிட்டுப் பட்டினி கிடந்தேன். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, ஸ்கூல் வாசலில் பெட்டிக்கடையில் பன் வாங்கித் தின்றுவிட்டு வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அதற்காகத் தாங்கலாம் என்றிருந்தது.

எங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  குடத்துல விட்ட மாதிரி விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்றாள். அன்றைக்கு என்னைக் கிள்ளாமல் விட்டோமே என்று அவளுக்கு வருத்தம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

அவர் லோடுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். பகலெல்லாம் உட்கார்ந்து ஆடிப் பழகினார். லாரி வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வண்டி ரிப்பேரா என்று விசாரித்தார்கள். நல்ல டிரைவர் அவர், அதில் ஒரு குறையும் சொல்லக் கூடாது. கொஞ்ச நாளில் திருப்பங்களும் பிடிபட்டன. ஆனால் என்னோடு ஆடும்போது கை பதறும். ஜெயித்தே ஆக வேண்டும் என்கிற வெறியில் கடைசியில் எங்கேயாவது போய் இடிப்பார். எனக்கு அதில் பதற்றமே இல்லை. என் வேலை போகப்போகிறது என்கிற பயம் முழுவதும் கட்டைவிரலுக்கு வந்து, விரல் கல்லு மாதிரி நின்றது.

லாரி நின்றுபோனதும் மாமியாருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் காலையில் நான் டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். அந்த அம்மாள் என்னிடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. கெட்டவர் என்றும் சொல்லமாட்டேன்.

"தோத்துத் தொலையேன்டி. எம் புள்ள சோறு திங்கிறதில்ல. எங் கல்யாணத்தன்னிக்கு எனக்கும் குடத்துல மோதிரம் கையிலதான் இருந்துச்சு. நான் வுடலையா?"

 அன்றைக்கு ஸ்கூலில் நாள் முழுக்க யோசித்தேன். ஒரு தடவை தோற்று, அவர் கோபம் தணிந்து, சமாதானமான பிறகு நயமாகப் பேசி வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நப்பாசை. சாயங்காலம் தோற்பது என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினேன்.

தோற்பது அவ்வளவு லேசு என்று நினைத்தேன். பாதி ரோடு வரைக்கும் முன்னால் போய்விட்டு, பாலத்தைத் தாண்டுகிற இடத்தில் கொஞ்சம் பிரேக்கைத் தொட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவரும் வண்டியை நிறுத்திவிட்டார். டிவியின் கீழ்ப்பாதியில் அவர் கார் அப்படியே நிற்கிறது. மேல்பாதியில் என் கார் பின்னால் நிற்கிறது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வருஷக்கணக்காக ரோட்டில் கிடக்கிற மனிதர், முன்னால் போகிற வண்டி எதற்காக வேகத்தைக் குறைக்கிறது என்று அவருக்குத் தெரியாதா.

"பிச்சை போடுறியா?"

நான் இல்லை என்றேன். கை வழுக்கிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. நீ நிஜமா ஓட்டி, நிஜமா தோக்கணும், அது வரைக்கும் ஆடுவோம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அன்றைக்குத் தட்டைத் தள்ளவில்லை, சுவரில் விட்டெறிந்தார். குழம்பு வழிந்த இடத்தை நான்தான் துடைத்தேன். துடைக்கத் துடைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெயித்தாலும் சோறு இல்லை, தோற்றாலும் சோறு இல்லை. நல்ல ஆட்டம் போ.

அப்போதே அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாமே என்று இதைப் படிக்கிற யாராவது கேட்கலாம். கேட்பது சுலபம். எதற்கு வந்தாய் என்று கேட்டால் அங்கே என்ன சொல்வது? அடித்தாரா என்பார்கள், இல்லை. குடிக்கிறாரா, இல்லை. வேறு சகவாசமா, இல்லை. தினமும் என்னோடு வீடியோ கேம் விளையாடுகிறார் என்று சொன்னால் செந்துறையே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காதா. இப்படி ஒரு கொடுமையை எந்தப் பஞ்சாயத்திலும் சொல்ல முடியாது. அதுதான் அதிலிருந்த பெரிய கொடுமை.

அப்படியே பரீட்சை நேரம் வந்தது. ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை. சீக்கிரம் வந்துவிட்டேன், அவர் வெளியே போயிருந்தார். மாமியாருக்கு முழங்கால் வலி, படுத்திருந்தார். நான் உலை வைத்துச் சோறு வடித்தேன். இன்றைக்காவது அவர் வருவதற்குள் எல்லாரும் சாப்பிட்டுவிடலாம் என்கிற அவசரம். பானையைச் சாய்த்துப் பிடித்தபோது தட்டு நகர்ந்துவிட்டது. கொதிக்கிற கஞ்சி மொத்தமும் என் வலது கையில் இறங்கியது. கட்டைவிரலும் அதன் கீழ் மேடும் வெந்துபோயின. பானையைக் கீழே போடவில்லை, சோறு கொட்டிவிடுமே என்று பிடித்துக்கொண்டே நின்றேன். அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது.

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து இட்லி மாவை எடுத்து அப்பினார். பிறகு தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் மாவையெல்லாம் கழுவி, திட்டி, மருந்து போட்டு, கட்டைவிரலையும் கையையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டிவிட்டாள். விரலை அசைக்கக் கூடாது என்றாள். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்திருந்தேன். விண்விண்ணென்று தெறித்தது.

அவர் சாயங்காலம் வந்தார். கட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னாச்சு என்று கேட்டார். சொன்னேன். என் கையைத் தூக்கித் தன் கைமேல் வைத்துக்கொண்டு, ரொம்ப எரியுதா என்றார். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் அப்படி என் கையைத் தொட்டதில்லை. அழுதுவிட்டேன். எல்லாம் சரியாகிவிடும் போலிருக்கிறதே, இதற்கு முன்னாலேயே கையைச் சுட்டுக்கொண்டிருக்கலாமே என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தேன்.

அவர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டைவிரலா?" என்றார்.

ஆமாங்க என்றேன். என் கையை மெல்லப் பாயில் வைத்துவிட்டு எழுந்துபோய் டிவியைப் போட்டார்.

விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். ஜாய்ஸ்டிக்கை என் மடியில் வைத்தபோதுதான் விளங்கியது. கை இப்படி இருக்குதேங்க என்றேன். முடியலைன்னா தோத்ததா வச்சுக்க, உன் இஷ்டம் என்றார். மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டு, இன்னிக்கு வேணாம்டா என்று ஒருமுறை சொன்னார். ஒரே ஒருமுறைதான். அவர் காதிலேயே வாங்கவில்லை.

என் கோபம் எங்கே போகும். வாங்க என்றேன்.

வலது கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலால் பட்டனை அமுக்கினேன். அமுக்குவதற்குக் கையை மடக்க வேண்டும், மடக்கினால் வெந்த இடத்தில் கட்டு உரசும். உயிர் போயிற்று. ஆனாலும் அமுக்கினேன். அத்தனை நாளும் விதியே என்று ஆடியவள், அன்றைக்குத்தான் ஜெயிக்க வேண்டும் என்று ஆடினேன். திங்கட்கிழமை என் வகுப்புக்குப் பரீட்சை. கேள்வித்தாளை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். கடைசிப் பெஞ்சில் ஒரு பெண், மவுஸைப் பிடிக்கவே பயந்து நடுங்கியவள், இந்தத் தடவை நல்லா பண்ணுவேன் மிஸ் என்று சொல்லியிருந்தாள். நான் அங்கே நிற்க வேண்டும். அதற்காக அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பாலம் வரைக்கும் நான்தான் முன்னால். அவர் வண்டி என் பின்னாலேயே வந்தது, எங்கேயும் இடிக்கவில்லை. எனக்குக் கை போய்விட்டது என்று தெரிந்ததும் அவருக்குப் பதற்றம் போய்விட்டது போலிருக்கிறது, அழகாக ஓட்டினார். கடைசித் திருப்பத்துக்கு முன்னால் ஒரு கொப்புளம் உடைந்தது. கட்டுக்குள்ளே சூடாக ஈரம் பரவியது. விரல் தானாக விலகிக்கொண்டது. ஒரு விநாடி இருக்குமா. என் வண்டி சுணங்க, அவர் வண்டி தாண்டிப் போயிற்று. துரத்தினேன். அவர் கோட்டைத் தொடும்போது நான் அவர் பின் விளக்கைத் தொட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் பின்னால்தான் வந்தேன்.

அவர் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். மாமியாரைப் பார்த்து, பாத்தியாம்மா, நெசமா ஓட்டுனா, நெசமா தோத்தா, பாத்தேல்ல என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாத்தேன்ப்பா என்றார் மாமியார். அக்காவுக்குப் போன் போட்டார். துபாய்க்குப் போட்டார். பெரியப்பாவுக்குப் போட்டு, நேரில் வந்து பேசுவதாகச் சொன்னார். ஒருத்தரிடமும் என் கையைப் பற்றிச் சொல்லவில்லை. பிறகு என் போனை எடுத்து, பள்ளிக்கூடத் தாளாளர் நம்பரை என்னிடமே கேட்டு வாங்கி, திங்கட்கிழமையிலேருந்து அவங்க வரமாட்டாங்க சார், வூட்டுல முடிவு பண்ணிட்டோம் என்றார். தாளாளர் என்னோடு பேச வேண்டும் என்று கேட்டார் போலிருக்கிறது. கையில அடிபட்டிருக்கு சார், போன் புடிக்க முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. டிவியில் அவர் கார் விளக்குகளுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது, ஜெயித்தவன் காரை அப்படித்தான் காட்டுவார்கள்.

அவர் சமையற்கட்டுக்குப் போய் ஒரு தட்டில் சோறு போட்டு, ரசத்தைச் சுடவைத்து ஊற்றி, கையால் நன்றாகப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தார். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இந்தக் கையோட நீ எப்படிச் சாப்புடுவ என்றார். இனிமே காலையில எழுந்திரிச்சு பஸ்ஸுக்கு ஓட வேணாம், நிம்மதியா தூங்கு என்றார். நாளைக்கு லோடு முடிச்சிட்டு வரும்போது உனக்கு என்ன வாங்கிட்டு வர என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. இந்த மனிதருக்கு இவ்வளவு நல்ல சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அத்தனை சந்தோஷம்.

உருண்டையை எடுத்து, சூடாக இருக்குமே என்று ரெண்டு தடவை ஊதி, என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஆ காட்டு" என்றார்.

நான் வடித்த சோறுதான். பசித்தது. வாயைத் திறந்தேன்.